திறந்தால் விழுந்துவிடும் ஃபோல்டர்

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஒரு கணனி என் கண்ணெதிரே திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து நான் கோபத்தில் எரிந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு ஃபோல்டர்தான் பிரச்சினை. அதைத் திறக்காமல் விட்டால் கணனி நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்யும். திறந்தால் அந்த நிமிஷமே நீலத் திரை வந்து எல்லாம் நின்றுவிடும். அதைத்தான் விழுவது என்கிறேன். சுட்டியை அசைத்தாலும் அசையாது, எந்த விசையைத் தட்டினாலும் கேட்காது. பின்னால் கையை விட்டு ஸ்விட்சை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நான் அப்போது ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணனி படிப்பித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்த பெண் என்பதால், பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூடியோக்காரரும் அப்படித்தான் வந்தார். எங்களுடையது முஸ்லிம் குடும்பம், அவருடையது கடற்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் அண்ணன் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பாராமல் ஊரின் கலியாணங்களில் பாதியை அவர்தான் படம் பிடித்திருப்பார்.

அவருடைய பழைய ஸ்டூடியோ கடலுக்குக் கிட்ட இருந்தது. சுனாமி அதைக் கட்டடத்தோடு கொண்டுபோனது. கமெரா, நெகட்டிவ், சுவரில் மாட்டியிருந்த மணமக்கள் எல்லாம் போனார்கள். இந்தக் கணனி மட்டும் தப்பியதற்குக் காரணம், அதற்கு முந்திய கிழமை அதன் காற்றாடி நின்றுபோய், ஒரு கலியாணத்தின் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அது சூடேறி அணைந்துவிட்டதுதான். திருத்துவதற்காகச் சம்மாந்துறையில் ஒரு கடையில் கொடுத்திருந்தார். கடல் அவ்வளவு தூரம் போகவில்லை.

அந்தப் பெட்டியை வைத்து அவர் எத்தனையோ வீடுகளுக்கு முகங்களைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் இருந்த அல்பங்கள் எல்லாம் சேறாகிப் போயிருந்தன. ஆட்கள் வந்து, இன்ன வருஷம் இன்னாருடைய கலியாணம் என்று சொல்வார்கள். அவர் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுப்பார். சில வருஷம் இப்படியே போனது. யாரும் கேட்காத ஒரு கலியாணம் மட்டும் அதற்குள் திறக்கப்படாமல் கிடந்தது. காற்றாடி நின்ற அன்று ஏற்றிக்கொண்டிருந்த அதே கலியாணம்.

அதைக் கேட்டு வந்தவர் சாய்ந்தமருதுப் பக்கத்து முஸ்லிம் தாய் ஒருவர். மகளின் கலியாணம் நடந்தபோது அவர் வெளிநாட்டில், ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். முதலாளி விடுமுறை கொடுக்கவில்லை. அனுப்பிய காசில்தான் கலியாணம் நடந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. கலியாணம் முடிந்து சில நாட்களில் கடல் வந்தது. மகள், மருமகன், இருந்த வீடு எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி வந்து யாருடைய முகத்தைப் பார்ப்பது என்று அவர் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கடைசியில் உடம்புக்கு ஏலாமல் போனபோதுதான் ஊர் திரும்பினார். யாரோ ஸ்டூடியோவைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் முதல் நாள் போனபோது அவர் ஒரு முக்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் ஏசினார்.

"நீதானா அந்தப் படிச்ச புள்ள? இந்தத் தம்பி பெட்டியத் திறக்கத் தெரியாம இரிக்காரு. நீயாவது திற."

"பாப்பம் மாமி," என்றேன்.

"பாக்கிறத்துக்கு என்ன இரிக்கி? உள்ளுக்கு இரிக்கா, இல்லியா? அதச் சொல்லு."

இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாமல் இருக்கிறது என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை. அதைச் சரியாக விளங்கிக்கொள்ள எனக்கே மாதக்கணக்கு எடுத்தது.

*

ஊரில் எல்லோரிடமும் ஒரு மருந்து இருந்தது. 'போர்மட் அடிங்க' என்றான் கீழே கைத்தொலைபேசி திருத்துகிறவன். போர்மட் அடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றால், 'ஓம், ஆனா கொம்பியூட்டர் நல்லா வேல செய்யும்' என்றான். வயரை மாற்று என்றார்கள், மாற்றினேன். நினைவகத் தட்டை மாற்று என்றார்கள், பயிற்சி நிலையத்துக் கணனி ஒன்றிலிருந்து கழற்றி வந்து மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணனியில் பூட்டினேன். அந்தக் கணனியும் அதே ஃபோல்டரைத் திறந்ததும் விழுந்தது.

உப்புக் காற்று என்றார் அண்ணன். "டீச்சர், கடக்கரையில இருந்த சாமான். உள்ளுக்குத் துரு பிடிச்சிருக்கும்."

துருவா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. புதிய டிஸ்க் ஒன்றை வாங்குவித்து, பழையதில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் அதில் பிரதி எடுப்பது. இரும்பில் பிழை என்றால் பிரதி ஒழுங்காக வேலை செய்யவேண்டும். பிரதி எடுக்கக் கனநேரம் பிடித்தது. கறண்ட் போய்ப் போய் வந்தது. பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஸ்டூடியோவில் இருந்த யூபிஎஸ், கறண்ட் போனதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தானும் போய்விடும். இப்படி எத்தனையோ தரம் தொடங்கி, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முழுதாக எடுத்து முடித்தேன். பிரதியைப் பூட்டி ஃபோல்டரைத் திறந்தேன். விழுந்தது.

ஒருபக்கம் எரிச்சலாக இருந்தாலும் மறுபக்கம் ஒரு விஷயம் தெளிவானது. பிழை இரும்பில் இல்லை. எழுதப்பட்டிருப்பதில் இருந்தது. படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கணனி அணைந்ததால், எந்தப் படம் டிஸ்க்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணனி எழுதிவைக்கும் அட்டவணை அரைகுறையாக நின்றிருக்கிறது.

பிரதி ஒன்றின் மேல் பழுதுபார்க்கும் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். அது பழுதான ஃபோல்டரையே தூக்கி எறிந்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று சொன்னது. அட்டவணையைப் பாராமல் டிஸ்க்கைத் துழாவிப் படங்களைப் பொறுக்கும் இன்னொரு மென்பொருளையும் பார்த்தேன். டிஸ்க் நிறைந்து கிடந்ததால் ஒவ்வொரு படமும் துண்டு துண்டாக, கிடைத்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது. மென்பொருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த துண்டுகளை ஒட்டித் தந்தது. ஒரு மணப்பெண்ணின் நெற்றி, அதன் கீழே வேறொரு மணப்பெண்ணின் வாய். ஒருவருடைய தோளில் ஒரு சோற்றுச் சட்டி. அண்ணன் இரண்டு படம் பார்த்தார், எழும்பி யன்னலண்டைக்குப் போய் நின்றார்.

"மூடுங்க டீச்சர். அந்த உம்மாட கண்ணில இது படப்படாது."

ஆகவே அட்டவணை வேண்டும். அட்டவணை வேண்டுமென்றால் அந்த ஃபோல்டர் திறக்கவேண்டும்.

*

வின்டோஸில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விடமாட்டார்கள். லினக்ஸில் எல்லாம் திறந்திருக்கும், யாரும் வாசிக்கலாம். நான் படித்த காலத்து லினக்ஸ் சீடியைத் தேடி எடுத்துப் போட்டேன். லினக்ஸும் விழுந்தது. ஆனால் விழும்போது அது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நீளமாக எதையோ சொல்லிவிட்டு விழுந்தது.

விழுந்தது கேர்னல். படம் காட்டுவது, எழுத்துத் தட்டுவது போன்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் இருந்துகொண்டு, டிஸ்க்கோடும் நினைவகத்தோடும் நேரே கதைக்கும் பகுதி அது. மேலே இருக்கும் நிரல் ஒன்று செத்தால் மற்றவை பிழைத்திருக்கும். கேர்னல் செத்தால் ஒன்றும் மிஞ்சாது. சாகும்போது, தான் கடைசியாக எந்த இடத்தில் நின்றது, அந்த இடத்துக்கு யார் அனுப்பினார்கள், அவரை யார் அனுப்பினார்கள் என்று வரிசையாகச் சொல்லும். எனக்கு வேண்டியது அந்த வரிசை. ஆனால் திரை சிறியது. மேல் வரிகள் ஓடி மறைந்துவிடும், வால்தான் மிஞ்சும். கணனி செத்துவிட்டதால் மேலே தள்ளிப் பார்க்கவும் ஏலாது.

எழுத்தைச் சிறிதாக்கி, முழுவதும் ஒரே திரைக்குள் வரவைத்தோம். அண்ணன் தன்னுடைய பெரிய கமெராவை ட்ரைபொட்டில் பூட்டி, கண்ணாடித் திரையில் வெளிச்சம் அடிக்காமல் கறுப்புத் துணி பிடித்து, செத்த கணனியைப் படம் எடுத்தார். மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல மூன்று பக்கத்தாலும் எடுத்தார். அந்தத் தாய் முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ட மகள்ர படத்த எடுத்துத் தாங்க எண்டா, இவங்க இங்க பெட்டிக்குப் படம் எடுக்காங்க," என்றார், யாரையும் பாராமல்.

படத்தைப் பார்த்து எழுத்தும் எண்ணுமாக எல்லாவற்றையும் தட்டி, கேர்னல் எழுதுகிறவர்கள் கூடும் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இண்டர்நெட் கடையிலிருந்து அனுப்பினேன். பதில் வர நாளாயிற்று. வந்ததும் சுருக்கமாக வந்தது. நீங்கள் பாவிப்பது பழைய கேர்னல், புதியதில் முயன்று பாருங்கள். அவ்வளவுதான். வணக்கமும் இல்லை.

புதியதை இறக்க உட்கார்ந்தேன். எங்கள் இண்டர்நெட் கடையில் தொலைபேசி லைன். ஒருவர் கூப்பிட்டால் வெட்டும், மழை பெய்தால் வெட்டும், வெட்டினால் மறுபடி முதலிலிருந்து. பாதிக்கு மேல் வந்து அறுந்த ஒரு நாள், கதிரையை உதைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர் பின்னாலேயே வந்து, "டீச்சர், நீங்களா இப்பிடி?" என்று கேட்டார். நான்தான்.

*

என்னோடு படித்த ஒருத்தி கொழும்பில் வேலை செய்தாள். டிஸ்க்கின் பிரதியைக் கொண்டு வா, என் ஒபிஸில் வைத்துப் பார்ப்போம், புதிய கேர்னலையும் சீடியில் போட்டுத் தாறேன் என்றாள். கிழக்கில் வெடிச்சத்தம் அப்போது அடங்கியிருந்தது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆகவே வீதியெல்லாம் சோதனைச் சாவடி. பிரதி டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாதி வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவர் துவாயை விரித்துப் பார்த்தார்.

"மே மொகத்த?" என்று கேட்டார். இது என்ன என்கிறார். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். ஹார்ட் டிஸ்க், கொம்பியூட்டர் என்றேன். உள்ளே என்ன என்றார். கலியாணப் படம் என்றேன்.

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"கல்யாணம் உங்களுக்கா?"

"இல்ல. வேற ஒராள்ர."

"அப்போ காட்டுங்க."

"காட்ட ஏலாது சேர். திறந்தா கொம்பியூட்டர் விழும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

"திறக்க ஏலாத சாமான் என்னத்துக்குக் கொழும்பு கொண்டு போறீங்க?"

"திறக்கத்தான்."

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. ஆட்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மனிதர், "தங்கச்சி, அதக் குடுத்துட்டு வாங்க, எங்களுக்குப் போகணும்," என்று சத்தம் போட்டார். அதிகாரி கோபப்படவில்லை, ஏசவில்லை. டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது அங்கே வேறு ஆட்கள் நின்றார்கள். டிஸ்க்கைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. அது பிரதிதானே, மூலம் ஊரில் பத்திரமாக இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சொல்லிச் சொல்லியும் மனம் ஆறவில்லை. யாரோ ஒருவருடைய மகளை மேசையில் விட்டுவிட்டு வந்தமாதிரி இருந்தது.

கொழும்பில் தோழி போட்டுத் தந்த புதிய கேர்னலின் சீடி மட்டும் கைக்கு வந்தது. அதை ஸ்டூடியோவில் போட்டு, புதிதாக ஒரு பிரதியை எடுத்து, ஃபோல்டரைத் திறந்தேன்.

விழுந்தது. அதே இடத்தில், அதே வரிசையில். வரி எண்கள் மட்டும் மாறியிருந்தன.

அன்று அந்தத் தாய் முன்னாலேயே நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு அவர் கைப்பையைத் திறந்து ஒரு டொபியை எடுத்து மேசையில் வைத்தார்.

"தின்னு புள்ள. திண்டுட்டு மறுகாப் பாரு."

*

மறுகா, மறுபடி என்னதான் பார்ப்பது? வாசிப்பதுதான் மிச்சம். கேர்னல் எழுதப்பட்டிருக்கும் மூல நிரலை, அது விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கத் தொடங்கினேன். பயிற்சி நிலையத்தில் வகுப்பு முடிந்து, அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடையில், பின்னேரத்தில் ஸ்டூடியோவுக்குப் போவேன். படித்த காலத்தில் பரீட்சைக்காகப் படித்த விஷயங்கள் அவை. அப்போது அவை பாடம். இப்போது ஒருவர் முக்காலியில் இருந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விளங்கியது இதுதான். ஒரு படம் பல துண்டாக இருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எங்கே என்று அட்டவணையில் ஒரு எண் இருக்கும். கேர்னல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். எங்கள் டிஸ்க்கில் ஒரு இடத்தில், கணனி அணைந்த அந்தக் கணத்தில், எண்ணுக்குப் பதில் குப்பை எழுதப்பட்டிருந்தது. டிஸ்க்கின் அளவையே தாண்டிய ஒரு எண். கேர்னல் அதையும் நம்பியது. அட்டவணையில் இல்லாத இடத்தைத் தேடி, தனக்கு உரித்தில்லாத நினைவகத்துக்குள் கையை விட்டது, விழுந்தது. இந்த எண் அளவுக்குள் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரியில் கேட்டிருந்தால் போதும். எழுதியவர்கள் கேட்கவில்லை. டிஸ்க் பொய் சொல்லாது என்று நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு காலமும் இதற்காகவா? ஆனால் கோபத்தோடு கோபமாக அந்த வரியை எழுதினேன். எண் அளவைத் தாண்டினால், விழாதே, பிழை என்று சொல்லிவிட்டு அந்த இடத்தோடு நில்.

எழுதியதைக் கேர்னலாகக் கட்டி எடுக்கவேண்டும். அந்தப் பழைய கணனியில் அது ஒரு காலை முழுவதும் ஓடும் வேலை. முதல் தரம் கறண்ட் போனது. இரண்டாம் தரம் நான் ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தேன், முடியும் தறுவாயில் பிழை சொல்லி நின்றது. மூன்றாம் தரம் தொடங்குவதற்காக ஒரு காலை ஸ்டூடியோவுக்கு வந்தேன்.

வீதியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். முச்சக்கர வண்டிகளில் கொடி கட்டியிருந்தது. சந்தியில் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு துண்டை நீட்டினார்கள். எங்கள் வீட்டில் காலையிலேயே என் உம்மா, "இனியாவது பயமில்லாமப் போய் வரலாம்," என்று சொல்லியிருந்தார். எனக்கும் அந்த நிம்மதி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஸ்டூடியோவின் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். அண்ணன் விளக்குப் போடாமல், கைத்தொலைபேசியை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய தங்கச்சி வன்னியில் கலியாணம் முடித்திருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் சண்டை இறுகிய நாளிலிருந்து ஒரு தகவலும் இல்லை என்று அன்றுதான் சொன்னார்.

"எத்தின வீட்டுக்கு செத்துப்போன ஆக்கள்ர படம் தேடிக் குடுத்திருப்பன் டீச்சர்," என்றார். "எண்ட தங்கச்சிர படம் எங்க இரிக்கெண்டு காலையில இருந்து தேடுறன். தேடிப்போட்டு, என்னத்துக்குத் தேடுறன் எண்டு பயந்து நிப்பாட்டிட்டன்."

வெளியே வெடிச்சத்தம் விடாமல் கேட்டது. நான் கணனியைத் தொடவில்லை. வந்ததற்காகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வாறன் அண்ணன்," என்று சொல்லி எழும்பினேன். அவர் தலையை அசைத்தார்.

பிறகு சில கிழமையாக ஸ்டூடியோ பூட்டியே கிடந்தது. அந்தத் தாய் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பயிற்சி நிலையத்துக்கு வந்து வாசலில் நிற்பார். காரணம் சொன்னேன். முதல் தடவையாக அவர் ஒன்றும் ஏசவில்லை. "அந்தத் தம்பிக்கு நான் அல்லாட்டத் துவாக் கேக்கன்," என்றார். பிறகு ஒரு நாள் ஒரு முகாமிலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தாள். அவளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், புருஷனைப் பற்றித் தெரியாது என்றாளாம். அண்ணன் கதவைத் திறந்தார். வந்து கூப்பிட்டது அவர்தான்.

*

மூன்றாம் தரம் கட்டிய கேர்னல் ஒரு முற்பகலில் முடிந்தது. அதில் கணனியை எழுப்பினேன். ஃபோல்டரைத் திறந்தேன். கை பழக்கத்தில் ஸ்விட்சுக்குப் போனது.

விழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. இந்த இடத்தில் எண் பிழை, இதற்கு மேல் போக முடியாது என்று நான் எழுதிய அதே வரி. அதன் கீழே படங்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அண்ணன் "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தத் தாய் முக்காலியை விட்டு எழும்பி வந்து, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

முதல் படம் சோற்றுச் சட்டி. அடுத்தது பந்தல். அடுத்தது ஆண்கள் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஒன்றாக இருந்து தின்னுவது. மாப்பிள்ளை மாலையோடு. மாப்பிள்ளையின் வாப்பா. மறுபடி சஹன். பள்ளிவாசல் பெரியவர்கள் வரிசையாக. மறுபடி சஹன். அண்ணன் பிடித்தது ஆண்கள் பக்கம். பெண்கள் பக்கம் போய்ப் பிடித்தது அவருடைய மனைவி, வேறு கமெராவால். அந்தப் படங்களைத்தான் கடைசியாக ஏற்றியிருக்கிறார்கள். எண் பிழையான இடமும் கடைசியில்தான்.

"என்ன தம்பி இது, திங்கிற ஆம்புளயளயா காட்டுறீங்க?" என்றார் தாய்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடிப் படங்கள்தான் மிஞ்சியிருந்தன. மருதாணிக் கைகள் இரண்டு, முகம் இல்லை. பின்பக்கத்தால் ஒரு படம், யாரோ முக்காட்டுக்கு ஊசி குத்துகிறார்கள். பிறகு கடைசிப் படம். நெற்றிச்சுட்டி, மை தீட்டிய கண்கள், மூக்கு. மூக்குக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். அந்த இடத்தில்தான் கணனி அணைந்திருக்கிறது.

தாய் கனநேரம் பார்த்தார். நானும் அண்ணனும் அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊசியக் கோணலாக் குத்தி இரிக்காளுகள்," என்றார் கடைசியில். "நான் நிண்டிருந்தா விடுவனா?"

அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே ஏசினார். ஊசி குத்தியவளை, விடுமுறை கொடுக்காத முதலாளியை, கமெராவை, எங்கள் இருவரையும், எல்லோரையும் சேர்த்து ஏசினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் ஓய்ந்ததும் அண்ணன் மெல்லச் சொன்னார். "உம்மா, கீழ்ப்பாதிய நான் செஞ்சு தரலாம். அதே மாதிரி வேற ஒரு பொம்புளப் புள்ளர படத்தில இருந்து எடுத்து, வித்தியாசம் தெரியாம ஒட்டித் தருவன். ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது."

அவர் சொன்னது நல்லெண்ணத்தில்தான். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர்.

"வேற புள்ளட வாய் எனக்கு என்னத்துக்குத் தம்பி?" என்றார் தாய். "இவள் சிரிச்சாளோ இல்லியோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமயே இரிக்கட்டும். அந்தச் சாம்பல அறுத்துப்போட்டு, இருக்கிறத அடிச்சுத் தாங்க."

அண்ணன் சாம்பலை வெட்டினார். அகலமும் குட்டையுமான ஒரு படம், கண்களும் நெற்றியும் மட்டும். அதற்கு அளவான தாள் கிடையாது. பெரிய தாளில் அடித்து, வெட்டுக்கத்தியால் ஓரத்தை நேராக்கிக் கொடுத்தார். சஹனைச் சுற்றி இருந்த ஆண்களையும் தாய் விடவில்லை. எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். தான் அனுப்பிய காசில் யார் யார் தின்றார்கள் என்று பார்க்கவேண்டுமாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

நான் எழுதிய வரியை அந்த மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பியவுடன் யாராவது அதைக் கேர்னலில் சேர்த்துவிடுவார்கள், இனி உலகத்தில் எந்தக் கணனியும் இப்படி விழாது என்று ஒரு நினைப்பு. வரிக்கு முன்னால் விட்ட இடைவெளி அவர்களுடைய முறைப்படி இல்லை, சரிசெய்து திரும்ப அனுப்புங்கள் என்று பதில் வந்தது. சரிசெய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு பதிலும் இல்லை. இன்னும் இரண்டு தரம் அனுப்பினேன். கனகாலம் கழித்து ஒரு புதிய கேர்னலை எடுத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் அதே சோதனை இருந்தது. எழுதியது வேறு யாரோ, வேறு விதமாக. என்னுடையதைவிட நன்றாகவே எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதை வாசித்து முடித்த பிறகும் போகவில்லை.

அந்தத் தாய் படங்களை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் கூடவே வீதிவரைக்கும் போனேன். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "நீ ஏன் இன்னம் மெலிஞ்சு போறாய்? வீட்ட வா, சோறு திண்டுட்டுப் போகலாம்," என்றார். அந்தக் குரலிலும் ஏச்சுத்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போனேன்.